செத்துப்போன மினிஸ்டர் கையில ரிவால்வர்

மினிஸ்டர் செத்துக் கெடந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, நெஞ்சுல ரெண்டு ஓட்டை, சுத்தி செவப்பு சாயம். கண்ணு பாதி தெறந்திருந்துச்சு. வலது கையில நீட்டுக்கொழாய் ரிவால்வர். பொணத்துக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்துச்சு.

ரிவால்வர் மட்டும் ஆடிகினு இருந்துச்சு.

காத்துல ஆடுதுன்னு சொல்ல முடியாது. நெஜத் துப்பாக்கி காத்துக்கு ஆடாது. என் துப்பாக்கி ஆடும், அது ரப்பரு. ஆனா அன்னிக்கு காத்தே இல்ல. நூம்பல் பக்கம் பாதி கட்டி நிறுத்தி வெச்சிருந்த ஒரு பில்டிங்ல மூணாவது மாடி. சிமெண்ட் தூசி கூட எழுந்திரிக்காம படுத்துக் கெடந்துச்சு.

டைரக்டர் மானிட்டர்ல பொணத்தோட மூஞ்சிய பாத்துகினு இருந்தாரு. கேமராமேன் வெளிச்சத்த பாத்தாரு. மேக்கப் ஆளு ரத்தத்த பாத்தாரு. துப்பாக்கிய பாக்கறதுக்குன்னே சோறு போட்டு வெச்சிருந்தது என்னைத்தான். அதனால நான் மட்டும் பாத்தேன்.

"சார், சாரி சார். கன்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கு, ரப்பர் தெரியுது"ன்னு கொரல் குடுத்தேன்.

பிரஷ்ஷ எடுத்துகினு போய் பொணத்துக்குப் பக்கத்துல குந்தினேன். பெயிண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. வெறும் பிரஷ்ஷால ரெண்டு தடவு தடவினேன். பொணம் ஒதட்ட அசைக்காம பேசுச்சு.

"நைனா, இந்தக் கைய எங்கனா சொருவு."

கைய மடக்கி அவரு விலாவுக்கு அடியில தள்ளினேன். ரிவால்வர் மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சுது. "சார், விழுந்தவன் கை இப்படி மாட்டிகினா நல்லா இருக்கும்ல?"ன்னு டைரக்டர கேட்டேன்.

"நேச்சுரலா இருக்குண்ணே. போலாம்."

ஷாட் ஓகே ஆச்சு. எங்க லைன்ல ஒரு வழக்கம் உண்டு. செத்தவரா நடிச்சவரு அந்த ஷாட் முடிஞ்சதும் எழுந்து கேமராவ பாத்து ஒரு தடவ சிரிக்கணும். அதையும் எடுத்துடுவாங்க. அப்பத்தான் அவருக்கு ஆயுசு கெட்டின்னு நம்பிக்கை. மினிஸ்டர் எழுந்தாரு, சிரிச்சாரு. சிரிக்கறப்ப வலது கை வேட்டி மடிப்புக்குள்ள இருந்துச்சு.

சுடாத தொழில்

இத்தனை வாரமா நான் தொட்டு வெளங்காம போன வேலைங்கள எல்லாம் வரிசையா படிச்சு சிரிச்சிருப்பீங்க. இது வெளங்கின வேலை. அதாவது எனக்கு வெளங்கின வேலை.

சினிமாவுக்கு டம்மி துப்பாக்கி செஞ்சு குடுக்கறேன். கோவில்பதாகையில ஊட்டுக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட்டு. உள்ள அச்சு, ரப்பர் பாலு, பிவிசி பைப்பு, பெயிண்ட் டப்பா, அப்புறம் நானு. ஷூட்டிங்ல என் பேரு யாருக்கும் தெரியாது. "கன் அண்ணே"ன்னு கூப்புடுவாங்க. பேங்க்ல கூட ஒரு தடவ டோக்கன் கூப்பிட்டப்ப என் சொந்தப் பேரு யாருதோன்னு உக்காந்திருந்தேன்.

எங்கப்பா ஆவடி டிபென்ஸ் ஃபேக்டரில வேலை பாத்தவரு. நான் பொறந்து வளந்தது குவார்ட்டர்ஸ்ல. உள்ள என்ன செய்யறாங்கன்னு வீட்ல ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. "இன்னிக்கு என்னங்க வேலை?"ன்னு அம்மா கேட்டா, "வேலைதான்"ம்பாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்தாரு. ஒரு ரைஃபிள கையில எடுத்தாரு. அது நடுவுல மடங்குச்சு.

"இது சுடுமா?"

"சுடாதுப்பா."

"அப்ப இதுக்கு எதுக்குடா ஒரு ஆளு?"

இன்னிக்கு வரைக்கும் அதுக்கு நான் பதில் யோசிச்சுகினுதான் இருக்கேன். இப்பல்லாம் வெடி, பொகை, தோட்டா எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுடறாங்க. நடிக்கறவரு சுட்ட மாதிரி கைய ஒரு உதறு உதறினா போதும். அதுலயும் சில பேரு சுடறப்ப வாயால "டுப்பு"ன்னு சத்தம் குடுப்பாங்க, சின்ன வயசுப் பழக்கம். ஒரு படத்துல கமாண்டோ ஒருத்தரு முப்பது பேர சுட்டாரு, முப்பது தடவையும் ஒதடு குவிஞ்சுது. கடைசியில மூஞ்சிக்கு கர்சீப் கட்டி தீவிரவாதியாக்கிட்டாங்க.

ரெண்டு பிவிசி பைப்பு

இந்தப் படத்தோட டைரக்டர் ஐடி கம்பெனி வேலைய விட்டுட்டு வந்தவரு. திருவேற்காட்ல ஃபிளாட். மொதல் தடவ பாக்கப் போனப்ப லேப்டாப்ப தெறந்து, யார் யாருக்கு என்ன துப்பாக்கின்னு படம் போட்டுக் காட்டினாரு.

ஹீரோ, போலீஸ் வேலைய ராஜினாமா பண்ணிட்டு எலக்ஷன்ல நிக்கறவரு. அவருக்கு சின்னதா, கருப்பா ஒரு பிஸ்டல். "ஏன்னா அவரு மாடர்ன்." மினிஸ்டருக்கு வெள்ளி கலர்ல நீட்டுக்கொழாய் ரிவால்வர். "அது பழைய பவர்." மினிஸ்டரோட மச்சானுக்கு ரெட்டைக்குழல். "அது ஃபியூடல்." கூட வர்ற ஆளுங்களுக்கு ஏகே ஃபார்ட்டி செவன்.

"கன்னுன்றது ஒரு கேரக்டர்ணே"ன்னாரு.

தலைய ஆட்டினேன். ஃபியூடல்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ரெட்டைக்குழல்னா ரெண்டு பிவிசி பைப்புன்னு தெரியும்.

இன்னொன்னும் தெரியும். ஹீரோ கையில இருக்கற நேர்மையான பிஸ்டலும், மினிஸ்டரோட அடியாளுங்க வெச்சிருக்கற அநியாயமான பிஸ்டலும் என்கிட்ட ஒரே அச்சுல ஊத்துனது. பெயிண்ட்தான் வேற. இத டைரக்டர்கிட்ட சொன்னேன். "சூப்பர்ணே, இத டயலாக்கா வெக்கறேன்"னு போன்ல ஏத்திக்கிட்டாரு. படத்துல வரல.

என் வேலையில கொஞ்சமாச்சும் நுணுக்கம்னு ஒன்னு இருந்தா, அது கனம் வெக்கறது. வெறும் ரப்பர கையில குடுத்தா, நடிக்கறவரு அத டிவி ரிமோட்டு மாதிரி ஆட்டுவாரு. பாக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். அதனால உள்ள பள்ளம் விட்டு ஈயம் வெப்பேன். கார் டயருக்கு வீல் பேலன்சிங் பண்றப்ப ரிம்முல ஒட்டுவாங்களே, அந்தத் துண்டுங்க. பூந்தமல்லி டயர் கடையில கேட்டா பழசு அள்ளித் தருவாங்க. அத வெச்சா மணிக்கட்டு தானா எறங்கும். அப்பத்தான் அது துப்பாக்கி.

அப்பா ரோலு

மினிஸ்டரா நடிச்சவரு பேரு கன்னியப்பன். பூந்தமல்லியில பொறந்து, நூம்பல்ல ஊடு கட்டிகினு இருக்கறவரு. வில்லன். மொதல்ல அடியாளு, அப்புறம் கவுன்சிலர், அப்புறம் எம்எல்ஏ, இப்ப மினிஸ்டர்னு சினிமாவுல படிப்படியா ஏறி வந்தவரு. நெஜ வாழ்க்கையில தெருவுல நாய் குறுக்க வந்தா வழி விட்டு நிப்பாரு.

அந்தப் பொண ஷாட்டு முடிஞ்சு டீ குடிக்கப் போனோம். இடது கையால டம்ளர புடிச்சாரு.

"எத்தினி நாளா அண்ணாத்தே?"

"போன வருசத்துலேந்து. மாத்தர துன்றேன். துன்னா கொஞ்ச நேரம் கம்முனு கீது. அப்பால பழையபடி. சும்மா கெடந்தாத்தான் ஜாஸ்தியா ஆடுது. அதான் பொணமா படுத்தவொடனே காட்டிக் குடுத்துட்ச்சு."

"டைரக்டர்கிட்ட சொல்லிடலாமே. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். 'ரெஸ்ட் எடுங்க சார்'ம்பாரு. இதுவரிக்கும் என்னிய வெச்சு எடுத்தது நான் சாவுற ஷாட்டு ஒன்னுதான் மாமே. அத்த தூக்கிப் போட்டுட்டு நாளைக்கே வேற ஆள வெச்சு சாவடிக்க எம்மா நேரம் ஆவும்?"

"வேற படம் வராதா?"

"வரும். அப்பா ரோலு வரும். சோபாவுல குந்திகினு இருமணும். பொண்ணு ஓடிப் போயிட்டான்னு நெஞ்ச புடிச்சுக்கணும்." டம்ளர கீழ வெச்சாரு. "நான் ஒருத்தனுக்கும் அப்பாவா நடிச்சதில்ல. நடிக்கவும் மாட்டேன். கிளைமாக்ஸ்ல ஹீரோ எதுர துப்பாக்கி புடிச்சு நின்னுட்டேன்னு வெய்யி, நான் இன்னும் வில்லன்தான். அத்தோட ஒரு ரெண்டு மூணு வருசம் ஓடும். எதுனா பண்ணு."

துப்பாக்கி என்னோடது. அதனால கையும் என் டிபார்ட்மெண்டுன்னு முடிவு பண்ணிட்டாரு.

லேசு

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் யோசனைங்க எப்படிப்பட்டதுன்னு இந்தத் தொடர படிக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கை பலமில்லாம ஆடுதுன்னா கையில இருக்கறது லேசா இருக்கணும். நாலு நாள் உக்காந்து ஃபோம்ல அதே ரிவால்வர செதுக்கி, வெள்ளி பெயிண்ட் அடிச்சேன். அவ்ளோ அழகா நான் எதையும் செஞ்சதில்ல. என் பொண்டாட்டி கையில எடுத்துப் பாத்துட்டு, "இத அப்பளத்தோட பொரிக்கலாம்"னா.

கன்னியப்பன் ஷெட்டுக்கு வந்து அத வாங்கி நீட்டினாரு.

ஷேர் ஆட்டோ சிக்னல்ல நிக்கறப்ப ஹேண்டில் பாரு எப்படி ஆடும்? அப்படி ஆடுச்சு. ரப்பர்ல இருந்தத விட ஜாஸ்தி. ஃபோமு ஓரத்துல பெயிண்ட் பொல பொலன்னு உதுந்துச்சு.

கீழ உதுந்தத கன்னியப்பன் காலால ஒதுக்கினாரு.

"நல்லா செஞ்சிக்கீறே நைனா"ன்னாரு. "கொசு அடிக்க ஆவும்."

அப்புறம் அவரே சொன்னாரு. "ஊட்டுல தண்ணி கேன மாடிக்குத் தூக்கிகினு போவ சொல்லோ இந்தக் கை ஆடறதில்ல. கேன எறக்கி வெச்சவொடனே ஆடுது. அது இன்னா கணக்கு?"

எனக்கும் தெரியல. ஆனா டயர் கடையில வாங்கின ஈயம் ஒரு டப்பா நெறைய இருந்துச்சு. பழைய ரப்பர் ரிவால்வர எடுத்து கைப்பிடிய கீறி ஈயத்த அடைச்சேன். நீட்டினாரு. ஆட்டம் கொறஞ்சுது. இன்னும் அடைச்சேன். கொழாயிலயும் அடைச்சேன். கடைசியில அது துப்பாக்கி கனத்தையெல்லாம் தாண்டி தையல் மிஷின் கனத்துக்கு வந்துடுச்சு. நீட்டிப் புடிச்சாரு. கை கல்லாட்டம் நின்னுச்சு.

அவரு மூஞ்சியில மினிஸ்டர் திரும்பி வந்தாரு. என் பெயிண்ட் டப்பாவ குறி பாத்து, "டேய், தொகுதிக்குள்ள கால வெச்சே"ன்னு ஆரம்பிச்சாரு. ரெண்டு வரியில கை எறங்கிடுச்சு. இது வேற வியாதி, பேரு வயசு.

"பழகிக்கறேன்"னாரு.

மொட்டை மாடியில தெனம் காலையில தண்ணி டேங்க்க குறி பாத்து நின்னிருக்காரு. எதிர் ஃபிளாட்ல புதுசா குடி வந்த கோயமுத்தூர்க்காரரு ஒருத்தரு பால்கனியிலேந்து, "ஏனுங் சார், டேங்க்கு உங்கள என்னங்க பண்ணுச்சு?"ன்னு கேட்டாராம். "லீக்காவுது சார்"னு சொல்லிட்டாராம்.

முட்டி வரைக்கும்

கிளைமாக்ஸ் ஒரு கல்யாண மண்டபத்துல. கட்சி ஆபீஸ் மாதிரி கொடியும் பேனரும் கட்டியிருந்தாங்க. மணமக்கள் அறையில ஹீரோ மேக்கப், பந்தியில நாங்க.

மினிஸ்டர் சாவறதுக்கு முந்தின சீன் இது. எலக்ஷன்ல ஜெயிச்ச ஹீரோ தனியா ஆபீஸுக்குள்ள வர்றாரு. மினிஸ்டர் ரிவால்வர நீட்டிகினு, தான் எப்படியெல்லாம் மேல வந்தேன்னு ஒரு நீளமான வசனம் பேசறாரு. டைரக்டர் ஒரே ஷாட்டா, கட் இல்லாம எடுக்கணும்னாரு. பக்கவாட்டுல கேமரா. கை, துப்பாக்கி, ஹீரோ மூஞ்சி, மூணும் ஒரே ஃப்ரேம்ல.

மொத டேக்கு. கன்னியப்பன் கைய தூக்கினாரு. ஆடல. எனக்கு மூச்சு வந்துச்சு. வசனம் பேச ஆரம்பிச்சாரு. "போஸ்டர் ஒட்டினவன்டா நான்"னு சொல்றப்ப துப்பாக்கி நெஞ்ச பாத்துச்சு. "கவுன்சிலர்" வரப்ப தொப்புள பாத்துச்சு. "மினிஸ்டர்" ஆனப்ப ஹீரோவோட முட்டிய பாத்துச்சு. ஆளு மேல ஏற ஏற துப்பாக்கி கீழ எறங்கிகினே வந்துச்சு.

"கட். சார், கன்னு கொஞ்சம் கீழ வருது."

"தெரியுது. இன்னொரு வாட்டி போலாம்."

ரெண்டாவது டேக்கு அதே கதை. டைரக்டர் என்கிட்ட வந்தாரு. "அண்ணே, அது ரொம்ப வெயிட்டா இருக்கா? லேசா ஒன்னு இருக்கும்ல, மாத்திடுங்க."

பையில லேசா ஒன்னு இருந்துச்சு. பொண ஷாட்டுல ஆடின அதே மாதிரி ரப்பர் ரிவால்வர். அத குடுத்தா டைரக்டர் சொன்னபடி மேலயே நிக்கும், ஆனா கேமரா முன்னாடி வாலாட்டும். கனமானதையே விட்டா முட்டிய சுடும். கன்னியப்பன் என்னைத்தான் பாத்துகினு இருந்தாரு. அவரு கண்ணுல வேண்டாம்னு இருந்துச்சு.

"லேசானது கொழாய் மடங்கிடுச்சு சார்"னேன்.

டைரக்டர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "சரி, கடைசியா ஒரு தடவ. இல்லன்னா டயலாக்க வெட்டிடலாம், குளோசப்ல கைக்கு மட்டும் வேற ஆள வெச்சு எடுத்துக்கலாம்."

வேற ஆளுன்ற வார்த்தை மண்டபத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. கன்னியப்பன் சட்டைக் காலர சரி பண்ணிக்கிட்டாரு.

கருப்புப் பொட்டு

மூணாவது டேக்கு. கை மேல போச்சு. "போஸ்டர் ஒட்டினவன்டா நான்." கை எறங்க ஆரம்பிச்சுது. இந்தத் தடவ அதோட சேர்ந்து லேசா ஆட்டமும் வந்துச்சு. மாத்திரை நேரம் முடிஞ்சிருக்கணும். நான் பெயிண்ட் டப்பாவ எடுத்தேன், என்னத்தையாவது சொல்லி நிறுத்தலாம்னு.

ஹீரோவுக்கு அந்த எடத்துல அசைய வேலையே இல்ல. அசையாம நின்னு மொறைக்கணும், அவ்ளோதான். ஆனா ரெண்டு அடி முன்னால வந்தாரு. துப்பாக்கிக் கொழாய கையால புடிச்சாரு. தூக்கி, தன் நெத்தியில வெச்சு அழுத்திக்கிட்டாரு.

துப்பாக்கி நின்னுச்சு.

கன்னியப்பன் ஒரு நொடி தடுமாறினாரு. அப்புறம் விட்ட எடத்துலேந்து புடிச்சாரு. கவுன்சிலரு, எம்எல்ஏ, மினிஸ்டரு, மொத்த வசனத்தையும் ஹீரோ நெத்திக்குள்ள எறக்கினாரு. அவரு அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. முடிச்சதுக்கப்புறமும் டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டாரு. லைட் ஆளுங்க கை தட்டினப்பறம்தான் சொன்னாரு.

எனக்குத் திட்டு விழுந்துச்சு. ஹீரோ நெத்தியில கருப்பா வட்டமா ஒரு பொட்டு. கொழாய் மூக்குல நான் அடிச்ச பெயிண்ட் சரியா காயல. மேக்கப் ஆளு கத்த, நானே தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துகினு போய் தொடைச்சேன்.

"உள்ள என்னண்ணே வெச்சிருக்கீங்க, இவ்ளோ வெயிட்டு?"ன்னு ஹீரோ கேட்டாரு.

"ஈயம் சார்."

"ம்"னாரு. கண்ண மூடிக்கிட்டாரு.

டீ எடத்துல கன்னியப்பன் நின்னுகினு இருந்தாரு. "அவனுக்குத் தெரிஞ்சு பண்ணானா, இல்ல மாஸா இருக்கட்டும்னு பண்ணானா?"

"கேட்டுட்டு வரட்டுமா அண்ணாத்தே?"

"வாணாம் வாணாம்." கொஞ்சம் யோசிச்சாரு. "எதுக்குப் பண்ணா இன்னா. நெத்தி கெட்டியா இருந்துச்சு."

கைய பின்னால கட்டறவரு

படம் வந்துச்சு. அம்பத்தூர் தியேட்டர்ல நானும் என் பொண்டாட்டியும் பாத்தோம். நெத்தி சீனுக்கு விசில் பறந்துச்சு. பேப்பர்ல ஹீரோவ எழுதினாங்க, டைரக்டர எழுதினாங்க. துப்பாக்கிய யாரும் எழுதல. அது ஒழுங்கா இருந்துச்சுன்னு அர்த்தம்.

கொஞ்ச நாள் கழிச்சு கன்னியப்பன் போன் பண்ணாரு.

"அடுத்த படம் வந்துக்கீது நைனா. மினிஸ்டர் ரோலு. நான் மாட்டேன்ட்டேன்."

"ஐயையோ, ஏன்?"

"சிஎம் ரோலு குடுன்னேன். குடுத்துட்டானுங்க. வில்லன் சிஎம்மு."

"சந்தோசம். அப்ப என்ன மாதிரி துப்பாக்கி செய்யட்டும்?"

"சிஎம்முக்கு எதுக்குடா துப்பாக்கி?"ன்னாரு. "அவன் ஒன்னியும் தொட மாட்டான். சுத்தி நிக்கறவன்தான் தூக்கிகினு நிப்பான். அவனுங்களுக்கு செஞ்சுகினு வா."

செஞ்சுகினு போனேன். சுத்தி நிக்கற ஆளுங்களுக்கெல்லாம் கருப்பு ஏகே, அளவா ஈயம். மொத நாள் மொத ஷாட்டு. சிஎம் வந்து நடுவுல நிக்கணும், பேசக் கூடாது, முன்னால நிக்கறவன பாக்கணும். அவ்ளோதான். புது டைரக்டர் மானிட்டர் முன்னாடி, "என்னா ஒரு கெத்து பாருங்க, அசையவே மாட்டேங்கறாரு"ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

கடைசி ஆளோட துப்பாக்கி வாருல ஒரு கொக்கி கழண்டிருந்துச்சு. அத மாட்டறதுக்கு பின்பக்கம் போனவன், "ரோலிங்"னு சத்தம் வந்ததும் ஒரு பேனருக்குப் பின்னால அப்படியே ஒதுங்கிட்டேன்.

அங்கேந்து பாத்தா சிஎம்மோட முதுகுதான் தெரிஞ்சுது. கைய பின்னால கட்டியிருந்தாரு. எடது கை வலது கையோட மணிக்கட்ட புடிச்சிருந்துச்சு. வெரல் நுனியெல்லாம் வெளுக்கற அளவுக்கு.

கேமரா அவருக்கு முன்னாடி இருந்துச்சு.